கவிதையை ஏன் படமாகப் போடுகிறீர்கள்?

அன்புள்ள சார்,

முகநூலை விட்டு வெளியேறலாம் என்றிருக்கிறேன். திறந்தாலே சண்டை, விளம்பரம். நாலு பேர் நிதானமாகப் பேசிக்கொள்ளும் இடம் போதும். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்குப் போகவா, சொந்தத் தளம் தொடங்கவா? அங்கே யார் வந்து படிப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. முகநூலில் போட்ட என் கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

கோமதி, தென்காசி

அன்புள்ள கோமதி,

மாஸ்டடான் நல்ல இடம்தான். 2016-ல் ஆய்கன் ரோச்கோ என்ற ஜெர்மன் இளைஞர் தொடங்கியது. நீங்கள் பின்தொடர்கிறவர்கள் எழுதுவது, நேர வரிசையில் அப்படியே வரும். எது உங்களைக் கோபப்படுத்தும் என்று கணக்குப் போட்டு மேலே தள்ளுவதில்லை. சொந்தத் தளமும் தொடங்குங்கள். யார் படிப்பார்கள் என்பதையெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கவிதைகளைத் திறந்தபோது. எல்லாமே படம். பூக்களின் மேல் அலங்கார எழுத்து.

என் கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. விடுதியில் நாங்கள் மாற்றி மாற்றி அவனுக்குப் பாடம் வாசிப்போம். எங்களுக்குத் தூக்கம் வந்தால் அவன் படிப்பு அங்கேயே நிற்கும். இன்னும் ஒரு பக்கம் என்று கேட்கக் கூச்சப்படுவான். இன்று அவன் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்று ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற நண்பர்கள் இருவர் உருவாக்கி இலவசமாகக் கொடுத்தது. தமிழும் வாசிக்கும். குரல் தகரத்தைத் தட்டினாற்போல இருக்கும், அதனால் என்ன? நடுராத்திரியில் யாரையும் எழுப்பாமல் அவன் புதுக்கவிதை படிக்கிறான். உங்கள் பக்கத்துக்கு வந்தால் அவனுக்குக் கிடைப்பது 'படம்' என்ற அறிவிப்புதான். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கருவிகள் உண்டே என்று சொல்லாதீர்கள். பூவுக்கு மேல் வளைந்து நெளியும் தமிழில் அவை பல நேரம் உளறும்.

படத்தோடு அதற்கான விவரத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் நான்காம் பதிப்பு விதித்தது 1997-ல். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மாஸ்டடானில் படம் ஏற்றும்போதே அதற்கென்று ஒரு பெட்டி வரும், 1500 எழுத்துவரை இடம் உண்டு. உங்கள் கவிதை முழுதுமே அதில் அடங்கும். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்றால், முகநூலிலிருந்து எங்கே குடிபெயர்ந்தும் என்ன பயன்? யாரை வாசலில் நிறுத்திவிட்டு அந்த நாலு பேரோடு பேசப்போகிறீர்கள்?

இவ்வளவு திட்டுவதற்குக் காரணம், பீடி சுற்றும் அத்தையைப் பற்றிய கவிதை. இலை நறுக்கும் கத்தரியின் சத்தத்தை வைத்தே அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று குழந்தை கண்டுபிடிக்கிறதே, அந்த இடம் அபாரம். காதால் மட்டுமே வீட்டை அறிந்து வளர்ந்தவன் என் நண்பன். அந்த வரி அவனுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

அதை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள், பழைய பாமினி எழுத்துரு வேண்டாம், திரைவாசிப்பானுக்கு அது தமிழாகத் தெரியாது. வந்ததும் அவனுக்கு அனுப்பிவிடுகிறேன். மாஸ்டடான் ஒரே இடமல்ல, தனித்தனி செர்வர்கள் பல சேர்ந்தது; எதில் சேருவது என்று அப்புறம் பேசுவோம்.