கேடயத்துக்குப் பின்னால் ஒரு வில்லாளி: தியூக்ரோஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ட்ராய் போர் என்றால் அகில்லிஸ், ஹெக்டர்தான் தெரியும். யார் இந்தத் தியூக்ரோஸ்?

பதில்: கிரேக்கப் படையின் தேர்ந்த வில்லாளி. சலாமிஸ் தீவின் டெலமோனுடைய மகன்; பெரிய அஜாக்ஸுக்குத் தம்பி, தாய் மட்டும் வேறு. அந்தத் தாய் ஹெசியோனி, ட்ராய் அரசன் பிரியாமின் உடன்பிறந்தவள். ஆக பிரியாம் தாய்மாமன், ஹெக்டர் மாமன் மகன். மாமன் வீட்டின் மேலேயே அம்பு விட்டவன் இவன்.

கேள்வி: வில்லுக்கு இரண்டு கையும் வேண்டுமே, கேடயத்தை யார் பிடிப்பது?

பதில்: அண்ணன். அஜாக்ஸின் கேடயம் ஏழு மாட்டுத்தோல் அடுக்கு, எட்டாவதாக வெண்கலம். ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் 8-ஆம் காண்டத்தில் முறை தெளிவாக இருக்கிறது: அண்ணன் கேடயத்தைச் சற்று விலக்குவான், தம்பி எட்டிப் பார்த்து எய்வான், ஆள் விழுந்ததும் அம்மாவிடம் ஓடும் பிள்ளைபோல வந்து ஒண்டிக்கொள்வான். எட்டுப் பேர் இப்படி விழுந்தார்கள். இந்த முறையில் ஓட்டை எங்கே என்றால், நாணை இழுக்கும் நேரத்தில் அவன் வெளியே நிற்க வேண்டும். ஹெக்டர் அந்த நேரம் பார்த்துக் கல்லை எறிந்தான். கல் காறை எலும்பருகே பட்டது. நாண் அறுந்தது, மணிக்கட்டு மரத்து வில் நழுவியது.

கேள்வி: சிகண்டிக்குப் பின்னால் அர்ஜுனன் நின்ற மாதிரியா?

பதில்: இல்லை. அங்கே முன்னால் நிற்பவரைப் பீஷ்மர் அடிக்க மாட்டார் என்பதுதான் பலம். இங்கே எல்லோரும் அடிப்பார்கள். தாங்குவது தோலும் வெண்கலமும்.

கேள்வி: வில் போனால் அவ்வளவுதானா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். 15-ஆம் காண்டத்தில், அன்று காலைதான் கட்டிய புது நாணைக் கடவுள்களின் தலைவரான ஸீயஸ் அறுக்கிறார். அஜாக்ஸ் சொன்னதும் வில்லைக் குடிலில் வைத்துவிட்டு நாலடுக்குக் கேடயமும் குதிரைமயிர்த் தலைக்கவசமும் ஈட்டியுமாகத் திரும்பி வருகிறான்.

கேள்வி: புறாவை எய்யும் போட்டியில் குறி தவறியவன்தானே?

பதில்: 23-ஆம் காண்டம். பாய்மரத்தில் புறாவின் காலை மெல்லிய கயிற்றால் கட்டியிருந்தார்கள். பறவையை அடித்தால் 10 இருபக்கக் கோடரி, கயிற்றை அடித்தால் 10 ஒருபக்கக் கோடரி. முதலில் எய்த தியூக்ரோஸ் வில்லுக்குரிய கடவுளான அப்பல்லோவுக்கு ஆட்டுக்குட்டிகளை நேர்ந்துகொள்ளவில்லை. அம்பு கயிற்றை அறுத்தது. போட்டியில் இருந்த இன்னொரு கிரேக்க வீரன் மெரியோனிஸ் அவன் வில்லைப் பறித்து, நேர்ந்துகொண்டு, பறந்த புறாவைச் சிறகடியில் அடித்தான். கயிற்றை அறுப்பதுதான் கடினம் என்பேன். பரிசு என்னவோ குறைவு!

கேள்வி: முடிவு?

பதில்: அஜாக்ஸ் தற்கொலை செய்துகொண்டபின், உடலைப் புதைக்க விடமாட்டோம் என்ற கிரேக்கத் தலைவர்கள் மெனலாவுஸ், அகமெம்னோன் இருவரையும் எதிர்த்து நின்றான், கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘அஜாக்ஸ்’ நாடகத்தின் பிற்பகுதி முழுக்க இந்தச் சண்டைதான். ஊர் திரும்பினால், அண்ணன் இல்லாமல் வந்தவனை டெலமோன் துரத்திவிட்டார். சைப்ரஸ் போய் அவன் நிறுவியதாகச் சொல்லப்படும் ஊருக்கும் சலாமிஸ் என்றே பெயர். சைப்ரஸின் ஃபமகுஸ்தா நகருக்கு வடக்கே அதன் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன.