குளிர் ஊருக்கு எந்தப் பாம் செடி வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாங்கள் ஊட்டியில் இருக்கிறோம். டிசம்பர் முதல் வாரம் கோவையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சாலையோர நர்சரியில் ஆளுயர அரிக்கா பாம் இரண்டும் பாட்டில் பாம் ஒன்றும் வாங்கி வேனில் ஏற்றி வந்தோம். ‘எங்க வெச்சாலும் வருமுங்க’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வராந்தாவில் வைத்தோம். ஒரே மாதத்தில் ஓலையெல்லாம் தீய்ந்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் குறைவா, உரம் குறைவா? கடையில் பணம் கேட்க முடியுமா? (ஒரு வாசகி, ஊட்டி)

பதில்: தண்ணீரும் இல்லை, உரமும் இல்லை அம்மா. குளிர்தான்.

அடுத்த முறை மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது வண்டியின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கல்லாரில் பாக்குத் தோப்பு நெருக்கமாக இருக்கும். வளைவு ஏற ஏறப் பாக்கு குறையும். 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரை எட்டும்போது தேயிலைதான். பாக்கு மரமும் பாம் இனம்தான். அது எங்கே நின்றுவிடுகிறதோ, அதற்கு மேலே வெப்பநாட்டுப் பாம் எதையும் திறந்த வெளியில் வைக்க ரொம்ப யோசிக்க வேண்டும். உங்கள் ஊர் இன்னும் மேலே, சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை புல்வெளியில் உறைபனி படிவதை நீங்களே பார்ப்பவர்கள்.

அரிக்கா பாமின் சொந்த ஊர் மடகாஸ்கர். பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்துத் தீவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் உறைபனி என்றால் என்னவென்றே தெரியாது. இரவு வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே போனால் அரிக்கா வாடத் தொடங்கும். பாட்டில் பாம் அதைவிடவும் குளிர் தாங்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரோஜாவோ செம்பருத்தியோ நுனி கருகினால், வெட்டி விட்டால் பக்கத்தில் துளிர்க்கும். பாம் அப்படி இல்லை. ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. குருத்து போனால் அந்தத் தண்டு போனதுதான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்குக் குருத்தழுகல் என்றாலே வயிறு கலங்குவது இதனால்தான். அரிக்கா புதராக வளர்வதால் ஒரு தண்டு போனாலும் மற்றது பிழைக்கலாம். பாட்டில் பாமுக்கு இருப்பது ஒரே தண்டு.

எனவே முதலில் ஓலையை விட்டுவிட்டுக் குருத்தைப் பாருங்கள். நடுவில் இன்னும் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்கும் ஓலையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். அசையாமல் நின்றால் நம்பிக்கை உண்டு. கையோடு வந்துவிட்டால், அடிப்பகுதி பழுப்பாகக் குழைந்து புளித்த வாடை அடிக்கும். கோத்தகிரியில் என் அக்கா வீட்டில் இப்படி ஒன்றை என் கையாலேயே உருவி எடுத்திருக்கிறேன். மாலையில் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியிலேயே விட்டிருந்தோம். குருத்துக்குள் நின்ற தண்ணீரும் அன்றைய இரவுக் குளிரும் சேர்ந்து முடித்துவிட்டன. அந்தச் செடியை நாங்கள் மூன்று வருடம் வளர்த்திருந்தோம். இன்றைக்கும் நினைத்தால் மனசு கேட்பதில்லை.

குருத்து உறுதியாக இருக்கிறதா? உடனே தொட்டியை வீட்டுக்குள், வெளிச்சமான ஜன்னலுக்கு அருகில் கொண்டு போங்கள். ஓலை கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டியைச் சில்லென்ற தரையில் நேராக வைக்காமல் அடியில் ஒரு தெர்மாகோல் துண்டு போடுங்கள். மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு, காலை பத்து பதினோரு மணிக்கு, மண்ணில் மட்டும் தண்ணீர் விடுங்கள். கருகிய ஓலைகளை இப்போதே வெட்டித் தள்ள வேண்டாம். கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தாலும் அதுதான் செடிக்குச் சோறு. மார்ச் மாதம் வரை உரத்தை மறந்துவிடுங்கள். பாட்டில் பாம் பிழைத்தால், கோவையில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அதற்குச் செய்யும் நல்லது.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஊட்டிக்குக் கொண்டு போகிறேன்’ என்று சொல்லி வாங்கினீர்களா, பில் இருக்கிறதா, இவை இரண்டும்தான் கேள்வி. சொல்லியும் ‘வரும்’ என்று விற்றிருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லாமல், பில்லும் இல்லாமல் வாங்கியிருந்தால் கடினம். கேட்டும் பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். அதனால் நர்சரியில் பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அதில் செடியின் தாவரவியல் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கடைப் பெயர் கடைக்குக் கடை மாறும், தாவரவியல் பெயர் அப்படி மாறாது.

இன்னொன்று. நம் ஊர் நர்சரிகளுக்குச் செடி ஆந்திராவின் கடியத்திலிருந்தும் லாரியில் வருகிறது. அங்கே களிமண்ணில் வளர்க்கிறார்கள். பாலித்தீன் பையை அமுக்கிப் பாருங்கள். செங்கல் மாதிரி இருந்தால் உள்ளே களிமண் உருண்டை. வெயில் ஊரில் அது ஓரளவு தாங்கும். குளிர் ஊரில் தண்ணீர் வடியாமல் வேர் அழுகும். அதற்காக வேரை உதறி எடுக்கவும் கூடாது, பாமுக்கு வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது. வாங்காமல் இருப்பதே மேல்.

சரி, ஊட்டிக்கு எதை வாங்குவது? வீட்டுக்குள் வைக்க ரேபிஸ் பாம். தென் சீனாவிலிருந்து வந்தது, மூங்கில் புதர் மாதிரி இருக்கும், குளிரையும் நிழலையும் தாங்கும். மேசை மேல் வைக்கிற அளவில் வேண்டுமானால் பார்லர் பாம். காசு செலவழிக்கத் தயார் என்றால் கென்டியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் என்ற குட்டித் தீவின் மரம் அது. மெதுவாக வளர்வதால் விலை அரிக்காவைப் போலப் பல மடங்கு. வெளியிலேயே நிற்க வேண்டும், பனி விழுந்தாலும் பரவாயில்லை என்றால் டிராக்கிகார்பஸ் என்று கேளுங்கள். விசிறி ஓலை, தண்டில் நார் சுற்றியிருக்கும். உறைநிலைக்குக் கீழே போனாலும் தாங்குகிற பாம் அது.

கேள்வி: பொள்ளாச்சியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மகள் எடின்பரோவில் வேலையில் இருக்கிறாள். ‘நம்ம தோப்புத் தென்னங்கன்னு ஒன்னு வீட்ல தொட்டியில வெச்சுக்கறேன்ப்பா’ என்கிறாள். அடுத்த மாதம் போகிறேன். நாற்றைக் கையில் எடுத்துப் போகலாமா? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: மகளின் ஆசை புரிகிறது. ஆனால் எடுத்துப் போகாதீர்கள். பிரிட்டனுக்குள் நடுவதற்கான செடி எதைக் கொண்டு போனாலும் இங்கே தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சாப்பிடுகிற தேங்காய்க்கு அது தேவையில்லை, முளைத்த நாற்றுக்குத் தேவை. சான்றில்லாமல் போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

அங்கேயே முளைத்த தென்னையைத் தொட்டியில் வைத்துக் கடையில் விற்பார்கள். அதையாவது வாங்கட்டுமா என்று அடுத்த கேள்வி வரும். உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, நாற்று முதல் ஒரு வருடம் காய்க்குள் இருக்கும் சத்தைச் சாப்பிட்டுத்தான் வளர்கிறது. அதனால் கடையில் பார்க்க அழகாக இருக்கும், வீட்டுக்கு வந்தும் சில மாதம் ஜம்மென்று நிற்கும். காய் காலியான பிறகுதான் வெளிச்சமும் சூடும் கேட்கும். எடின்பரோவில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 7 மணி நேரம்தான். தென்னைக்கு அது போதவே போதாது. 1848இல் கட்டி முடித்த லண்டன் கியூ தோட்டத்துப் பாம் மாளிகையில் கண்ணாடிக் கூரையின் கீழ் கொதிகலன் போட்டுச் சூடாக்கித்தான் வெப்பநாட்டு மரங்களைக் காப்பாற்றினார்கள். ஒரு வாடகை வீட்டு ஹாலில் அது நடக்காது.

மகளிடம் கென்டியா வாங்கச் சொல்லுங்கள். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் வீட்டு வரவேற்பறையில் மங்கலான வெளிச்சத்திலும் கணப்படுப்புப் புகையிலும் பிழைத்த செடி அது. ஓலை வளைந்து தொங்கும் அழகில் நம் தென்னை ஞாபகம் கட்டாயம் வரும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்த வறண்ட சூட்டில் ஓலை நுனி காயும், செஞ்சிலந்தி வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் ஓலையின் அடிப்பக்கத்தைத் துடைத்தாலே சிலந்தி அண்டாது. குளிர்காலக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், வாளியில் பிடித்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றட்டும். ‘டார்பே பாம்’ என்று அங்கே விற்பதை மட்டும் வாங்கிவிட வேண்டாம். அது பாமே இல்லை, நியூசிலாந்தின் கார்டிலைன்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். ஆன்லைனில் கென்டியா என்று பணம் கட்டினேன். வந்ததைப் பார்த்தால் அரிக்கா மாதிரி இருக்கிறது. ‘உயிருள்ள பொருள், ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள்.

பதில்: முதலில் உறுதி செய்யுங்கள். அரிக்காவின் மட்டை மஞ்சள் ஓடியிருக்கும், ஓலையின் இரு பக்கமும் மேல் நோக்கி எழும்பிப் படகு மாதிரி நிற்கும், அடியிலிருந்து பல தண்டு வரும். கென்டியாவின் மட்டை கரும்பச்சை, ஓலை தட்டையாக விரிந்து நுனி தொங்கும், ஒவ்வொன்றும் ஒற்றைத் தண்டு. ஒரே தொட்டியில் இரண்டு மூன்று நாற்று நட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அரிக்காதான் என்றால், ரிட்டர்ன் கிடையாது என்ற பேச்சு செல்லாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். பெட்டியின் படம், செடியின் படம், விளம்பரப் பக்கத்தின் படம் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். அவர்கள் பக்கத்தை மாற்றிவிடலாம்.

கேள்வி: சாகோ பாம் குளிர் தாங்கும் என்று நர்சரியில் சொன்னார்கள். வாங்கலாமா? வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. (கோத்தகிரி)

பதில்: குளிர் தாங்கும், உண்மைதான். ஆனால் அது பாம் இல்லை, சைகஸ். அதன் எல்லாப் பாகமும் நாய்க்கு விஷம். கொட்டை இன்னும் மோசம், கல்லீரலைக் கெடுத்துவிடும். குட்டி இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். ரேபிஸ் பாம் வாங்குங்கள், குட்டி அதன் ஓலையைக் கடித்தாலும் பயமில்லை.

கேள்வி: தொட்டிக்குப் பொள்ளாச்சி தென்னை நார்க்கழிவுக் கட்டி மட்டும் போட்டால் போதுமா? (குன்னூர்)

பதில்: மட்டும் போடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோவை வெயிலில் அது வரம், குன்னூர் மழைக்கு வேர் அழுகல். மூன்றில் ஒரு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், மிச்சம் பருமணலும் கருக்கிய உமியும் போதும். வாங்கும்போது ‘கழுவினதா, இசி எவ்வளவு’ என்று கேளுங்கள். இசி என்பது உப்பின் அளவு. 0.5க்குக் கீழே என்றால் நல்லது. கழுவாத கட்டியில் உள்ள உப்பு பாமின் ஓலை நுனியைக் கருக்கும், நீங்கள் அதைக் குளிர் என்று நினைத்துக்கொள்வீர்கள். கழுவாததுதான் கிடைத்தது என்றால், வாளியில் ஊற வைத்து இரண்டு மூன்று முறை தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். வெளிறிய பிறகு மண்ணோடு கலக்கலாம்.