வாசகர் வினா விடை: எருசலேமின் ஏணியும் நம்மூர் உபய உரிமையும்

கேள்வி: கனடாவிலுள்ள என் மருமகன் எருசலேம் சென்று வந்து படங்கள் அனுப்பியிருந்தார். இயேசுவின் கல்லறைக் கோயிலின் வாசலுக்கு மேலே, ஜன்னலுக்குக் கீழே, சிறிய மர ஏணியொன்று சாத்தியபடி நிற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கேயே இருப்பதாக வழிகாட்டி சொன்னாராம். அவ்வளவு பெரிய கோயிலில் ஓர் ஏணியை அப்புறப்படுத்த ஆளில்லையா?
(ஒரு வாசகி, பருத்தித்துறை)

பதில்: ஆள் குறைந்ததனால் அல்ல, கூடிப்போனதனால் வந்த நிலை அது. அந்தக் கோயிலில் கிரேக்க மரபுவழித் திருச்சபையினர், கத்தோலிக்கரின் சார்பில் பிரான்சிஸ்கன் துறவியர், ஆர்மேனியர் ஆகிய மூவரும் பெரிய உரிமைக்காரர். கொப்தியர், சிரியர், எத்தியோப்பியர் ஆகிய மூவரும் சிறிய உரிமைக்காரர். எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் கூட்டுவது, எந்த வேளையில் யாருடைய பவனி கல்லறையைச் சுற்றி வருவது என்பவையெல்லாம் பழைய வழக்கப்படி வகுக்கப்பட்டவை. ஏழாம் திருவிழா எந்தக் குடும்பத்தின் உபயம், காளாஞ்சி முதலில் யாருக்கு என்பவற்றுக்காக மாவட்ட நீதிமன்றம் வரை சென்ற கோயில் வழக்குகளை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே வழக்கைத் தீர்த்தவர்கள், தீர்த்தார்கள் என்பதைவிட உறைய வைத்தவர்கள் என்பதே பொருந்தும், உதுமானியச் சுல்தான்கள். 1757இலும், பின்னர் 1852இல் சுல்தான் அப்துல் மஜீதின் காலத்திலும் பிறந்த ஆணைகளின் சாரம், உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்பதுதான். 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையும் அதை உறுதிசெய்தது. 18ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களிலேயே அந்த ஏணி காணப்படுகிறது. அன்று இருந்தது, ஆகவே இன்றும் இருக்கிறது. அதை ஒருவர் தனியே எடுத்தால், எடுத்தவருக்கே அந்த இடம் உரித்து என்றாகிவிடும் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள்.

இந்த அச்சத்தை வெளியிலிருந்து பார்த்து நகைப்பது எளிது. கூட்டித் துப்புரவு செய்பவனே உரித்துடையவன் என்பது அங்குள்ள வழக்கமாகையால், தும்புத்தடியும் ஓர் உரிமைப் பத்திரமாகிவிடுகிறது. 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் பெத்லகேமின் பிறப்புக் கோயிலைத் துப்புரவு செய்துகொண்டிருந்த கிரேக்க, ஆர்மேனியத் துறவியர் தும்புத்தடிகளாலேயே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர். 2002இல் கல்லறைக் கோயிலின் கூரைமேல் கொப்தியத் துறவி ஒருவர் வெயில் தாங்காமல் தம் கதிரையை நிழலுக்கு நகர்த்த, அந்த இடத்தைத் தமதென்று கொள்ளும் எத்தியோப்பியத் துறவியருடன் கைகலப்பு மூண்டு 11 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். இவர்களுள் பலர் இளமையிலேயே வீட்டைத் துறந்து, அந்தக் கல்லருகே மன்றாடுவதற்கென்றே வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1927இன் நிலநடுக்கத்தால் நலிந்த கல்லறை மண்டபத்துக்கு 1947இல் பிரித்தானியர் இரும்புச் சட்டங்களால் முண்டு கொடுத்தனர். அதனை முறையாகத் திருத்துவதற்குப் பெரிய உரிமைக்காரர் மூவரும் இணங்கிப் பணி தொடங்கியது 2016இலேதான்.

கேள்வி: அதே கோயிலின் சாவி முஸ்லிம்களிடம் இருக்கிறது என்பது மெய்யா? மெய்யென்றால் அது கிறிஸ்தவர்களுக்கு இழிவல்லவா?
(ஒரு வாசகர், குருநகர்)

பதில்: மெய்தான். சாவியை ஜூதே குடும்பம் வைத்திருக்கிறது; கதவைத் திறப்பதும் பூட்டுவதும் நுசைபா குடும்பத்தின் பொறுப்பு. விடியற்காலையில் உள்ளிருந்து கதவின் சிறு துவாரம் வழியாக ஏணியொன்று நீட்டப்படுகிறது. வெளியே நிற்பவர் அதிலேறி மேற்பூட்டைத் திறக்கிறார். (இது மேலே சொன்ன ஏணியல்ல, இந்த ஏணி அசையும்.) 1187இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் சலாஹுத்தீன் காலத்திலிருந்து வரும் பொறுப்பு இது என்பது அவர்களின் குடும்ப மரபு; நுசைபா குடும்பத்தினர் அதற்கும் முந்திய கலீபா உமரின் காலத்தைச் சொல்வார்கள்.

இழிவென்று நான் கருதவில்லை. ஆறு பங்காளிகளுள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால் மற்ற ஐவரும் உறங்கமாட்டார்கள். கலீபா உமரைப் பற்றி ஒரு பழங்கதையும் உண்டு. தொழுகை வேளை வந்தபோது கோயிலுக்குள்ளேயே தொழலாம் என்று மறைமுதல்வர் அழைத்தாராம். தாம் அங்கே தொழுதால் பின்வரும் முஸ்லிம்கள் அவ்விடத்தைத் தமதென்று எடுத்துக்கொள்வார்கள் என்று மறுத்து, உமர் வெளியே வந்து தொழுதாராம்.

கேள்வி: 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். நாங்கள் 1734இல் குருக்கள் வளவில் புதிதாகக் கட்டிக்கொண்டோம். பழைய நிலத்துக்காகச் சண்டை பிடிக்கவில்லை. யூதர்கள் மட்டும் ஏன் எருசலேமில் தம் பழைய ஆலயம் நின்ற மேட்டை விடாது பற்றிக்கொண்டிருக்கிறார்கள்?
(ஒரு வாசகர், கோப்பாய்)

பதில்: நாம் சண்டை பிடிக்கவில்லை என்பதில் நம் பெருந்தன்மை எவ்வளவு, இயலாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டதே பெரிய காரியம். அது ஒருபுறமிருக்க, வேலை நாட்டி முறைப்படி பிரதிட்டை செய்த இடமெல்லாம் முருகன் இடம் என்பது நம் கொள்கை. யூத மறையோ, உபாகமம் 12ஆம் அதிகாரத்தில், கடவுள் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்திலன்றி வேறெங்கும் பலி செலுத்தலாகாது என்கிறது. தொழுகைக்கூடம் எங்கும் கட்டலாம். ஆலயம் அங்கே மட்டுந்தான். கி.பி. 70இல் உரோமத் தளபதி தீத்துவின் படை அதை அழித்ததோடு பலியும் நின்றது. 135இல் கிளர்ச்சியை அடக்கிய பேரரசன் ஆதிரியன் யூதர் நகருக்குள் நுழைவதையே தடுத்தான். பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒருநாள் வந்து அழுதுவிட்டுப் போக மட்டும் இடம் கிடைத்தது. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தம் ஊர்க் கோயிலுக்கு, குறித்த நாளில் அனுமதி பெற்றுப் போய்க் கும்பிட்டு, மாலைக்குள் திரும்பியவர்களுக்கு இந்த ஒருநாள் அழுகை விளங்கும்.

ஆனால் உங்கள் கேள்வி, பற்றிக்கொண்டிருப்பவர் ஒருவரே என்று கொள்கிறது. இஸ்லாத்தின் முதல் கிப்லா, அதாவது தொழுகையில் முகம் நோக்கும் திசை, அந்நகரே. நபிகள் நாயகம் விண்ணேற்றம் சென்றது அம்மேட்டிலிருந்து என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அங்கே பொன்மூடியோடு நிற்கும் குப்பதுஸ் ஸஹ்ரா 691ஆம் ஆண்டளவில் கலீபா அப்துல் மலிக் எழுப்பியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுத் தொழுகையை யாரும் நேற்று வந்த குடியிருப்பென்று சொல்லிவிட முடியாது. 1928இல், யூதர்கள் மன்றாடும் இடமான அம்மேட்டின் மேற்குச் சுவரருகே, அவர்கள் ஆண் பெண் பிரிவுக்காக ஒரு துணித்தட்டி நிறுத்தினர். உள்ள நிலையை மாற்றும் தந்திரம் அதுவென்று முஸ்லிம்கள் எதிர்க்க, பிரித்தானியப் பொலிசார் அதனைப் பிடுங்கினர். அதனோடு மூண்ட பிணக்கு தணியாமல் வளர்ந்து, 1929 ஓகஸ்ட் கலவரங்களில் 133 யூதரும் 116 அரபியரும் இறந்தனர்.

1967இல் நகரின் கிழக்குப் பகுதியை இஸ்ரேல் கைப்பற்றிய பின்னரும் மேட்டின் நிருவாகம் முஸ்லிம் வக்பு சபையிடமே விடப்பட்டது. பிறர் சென்று பார்க்கலாம், தொழுகை முஸ்லிம்களுக்கு மட்டும் என்பது ஏற்பாடு. அண்மைக்காலத்தில் அது அடிக்கடி மீறப்படுகிறது, ஒவ்வொரு மீறலும் இரத்தத்துக்கு இட்டுச்செல்லக்கூடியது. மேட்டின் நுழைவாயிலில், திருநிலத்தைத் தீட்டுடன் மிதிக்கலாகாதென யூதர்களைத் தடுக்கும் அறிவித்தல் ஒன்று நிற்கிறது. அதை வைத்தது இஸ்ரேலின் தலைமை ரபிமார் அவை. கால் வைக்காதே என்பதும் அவர்களின் பக்திதான். தடையை மீறி ஏறிச் செல்பவர்கள் சொல்லும் காரணமும் அதே பக்திதான்.

கேள்வி: எருசலேமில் இந்தியர் தங்கும் மடம் உண்டு என்கிறார்களே?
(ஒரு வாசகர், சோனகதெரு)

பதில்: உண்டு. பழைய நகரில் ஏரோது வாசலுக்கு அருகே இருக்கிறது. பஞ்சாபின் சூஃபி ஞானி பாபா பரீத் 13ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியதாக மரபு. 1924 முதல் சஹாரன்பூரிலிருந்து சென்ற ஓர் அன்சாரி குடும்பம் அதைப் பராமரித்து வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது விடுமுறையில் வந்த இந்தியப் படைவீரர் பலர் அங்கே தங்கினர். பாபா பரீத் நாற்பது நாள் நோன்பிருந்ததாகச் சொல்லப்படும் நிலவறையைப் போகிறவர்களுக்குக் காட்டுவார்கள்.