சக்கர நாற்காலிக்கு சஸ்பென்ஷன் சக்கரம் வாங்கலாமா? குலுக்கல் உண்மையிலேயே குறையுமா?

உங்கள் தம்பிக்கு டி-10-இல், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு மட்டத்தில், முதுகுத்தண்டில் அடி, நாற்காலிக்கு வந்து இரண்டு வருடம், பேவர் பிளாக் போட்ட தெருவில் போய்வந்தால் இரவெல்லாம் முதுகு வலி, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குலுக்கலை உள்வாங்க ஸ்பிரிங் வைத்த வெளிநாட்டு சஸ்பென்ஷன் சக்கரம் ஒரு ஜோடி வாங்கி மாட்டினால் சரியாகுமா என்பது கேள்வி.

எனக்கு டி-12. பதினோரு வருடமாக நாற்காலிதான். திருச்சியில் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் 700 மீட்டரை நானே தள்ளிக்கொண்டு போகிறேன். லண்டனில் இருக்கும் தோழி ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது அவளுடைய லூப்வீல்ஸ் என்ற சஸ்பென்ஷன் சக்கரங்களை மூன்று வாரம் என் நாற்காலியில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: குலுக்கல் குறையும். ஆனால் உங்கள் தம்பியைக் குலுக்குவது பின்சக்கரம்தானா என்று முதலில் பாருங்கள். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரமான கேஸ்டராகவும் இருக்கலாம்.

கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. அதே பேவர் பிளாக் தெருவில் ஐம்பது அடி தூரம் வழக்கம்போல் போகச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் பின்னால் நின்று கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்து, நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, கேஸ்டர் தரையில் படாமல் அதே ஐம்பது அடி தள்ளுங்கள். இரண்டாவது முறை உடம்பு அமைதியாக இருந்தால் குற்றவாளி கேஸ்டர். பெரும்பாலான நாற்காலிகளில் அதுதான் நடக்கிறது. ஐந்து அங்குல கெட்டி ரப்பர் உருளை ஒரு கல் இடுக்கில் இறங்கி ஏறும்போது வரும் வெட்டு நேராகப் பாதத்துக்கும் முழங்காலுக்கும் போகிறது. கால் இழுப்பைத் தூண்டிவிட அது போதும். பின்சக்கரத்தில் எவ்வளவு விலைக்கு ஸ்பிரிங் வைத்தாலும் அந்த வெட்டு நிற்காது.

இதற்கும் முன்னால் ஒன்று. கால் இழுப்பு சமீபத்தில் அதிகமாகியிருந்தால் ரோட்டைக் குறை சொல்வதற்கு முன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உட்காரும் இடத்தில் புண், உள்நோக்கி வளர்ந்த கால் நகம் எல்லாவற்றையும் பாருங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்புக்கு ஏதாவது கோளாறு என்றால் அது இழுப்பாகத்தான் கூப்பிடும். எனக்கு ஒருமுறை ஒரு மாதம் முழுக்க இழுத்தது. டயரை மாற்றினேன், குஷனை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் யூரின் இன்ஃபெக்‌ஷன்.

வலி அவருடைய கற்பனை இல்லை என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழாக நொடிக்கு 4 முதல் 8 தடவை ஆடும் அதிர்வைத்தான் அதிகம் உணர்கிறது. முழு உடல் அதிர்வை அளக்க ஐஎஸ்ஓ 2631 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோரி கூப்பரின் ஆய்வகம் அன்றாடம் நாற்காலியில் இருப்பவர்களின் அதிர்வை அளந்தது. அது அந்தத் தரநிலை எச்சரிக்கும் எல்லைக்குள்ளோ அதற்கு மேலேயோ போவதைக் காட்டியது. கூப்பரும் நாற்காலியில் இருப்பவர்தான். சஸ்பென்ஷன் வைத்த நாற்காலிகள் எல்லாச் சூழலிலும் சாதா நாற்காலியை மிஞ்சவில்லை என்பதும் அந்தத் துறையின் ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதனால்தான் விளம்பர வீடியோவை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

இனி சக்கரம். லூப்வீல்ஸ் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரில் சாம் பியர்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கியது. 2007-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் விமான நிலையத்தில் ஒரு தாய் தள்ளிக்கொண்டு வந்த குழந்தை வண்டி சின்ன விளிம்பில் மோதி, குழந்தை முன்னால் தூக்கி எறியப்படுவதுபோல் ஆடியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். ஸ்போக்ஸ் கம்பிகளுக்குப் பதிலாக, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் வெளிவட்டமான ரிம்மையும் கார்பன் கலவையால் ஆன மூன்று வளையங்கள் இணைக்கின்றன. பள்ளம் வரும்போது அந்த வளையம் நசுங்கி விரியும். முதலில் மடக்கு சைக்கிளுக்கு வந்தது, பிறகு நாற்காலிக்கு. இன்னொன்று இஸ்ரேலின் சாஃப்ட்வீல். இடுப்பெலும்பு முறிந்து நாற்காலியில் இருக்க நேர்ந்த கிலாட் உல்ஃப் என்ற விவசாயியின் யோசனை அது. வளையத்துக்குப் பதில் மூன்று ஷாக் அப்சார்பர் உருளைகள். சமதளத்தில் கெட்டியாகவே இருந்து, அடி ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் அமுங்கும்.

அந்த மூன்று வாரத்தில் எனக்குப் பிடித்தது நடைபாதையிலிருந்து இறங்கும் தருணம். நான் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் இறங்குவேன். சாதா சக்கரத்தில் அந்த 'டொம்' நேராக வால் எலும்பிலிருந்து கழுத்துக்கு ஏறும். லூப்வீல்ஸில் அது மெத்தென்று முடிந்தது. என் தெருவில் வேகத்தடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் பல்லைக் கடிக்காமல் அதைத் தாண்டினேன். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தச் சந்தோஷத்தை உங்கள் தம்பிக்கும் கொடுக்க நினைக்கிறீர்கள் என்று புரிகிறது.

பேவர் பிளாக்கின் தொடர் நடுக்கத்தில் வித்தியாசம் இருந்தது, ஆனால் பாதிதான். மீதி கேஸ்டரிலிருந்து வந்தது. ரயில் நிலையச் சரிவில் ஏறும்போது ஒவ்வொரு தள்ளுக்கும் என் பலத்தில் கொஞ்சம் வளையத்துக்குள் போய்விடுகிறது என்று தோளுக்குத் தெரிந்தது. தோள்தான் நமக்குக் கால். டி-10 என்றால் வயிற்றுத் தசை முழுசாகத் துணைக்கு வராது, அதனால் சரிவுகளில் ஏறும் வேலை தம்பிக்கு அதிகம் என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

ஆள் எடைக்கு ஏற்றபடிதான் ஸ்பிரிங் பலம் தேர்ந்தெடுக்க வேண்டும். தோழியும் நானும் ஐம்பது கிலோவை ஒட்டியவர்கள் என்பதால்தான் மாட்டத் துணிந்தேன். யாருடையதையோ செகண்ட்ஹேண்டில் வாங்கினால் முதல் கேள்வி அவருடைய எடை என்ன என்பதுதான். உட்கார்ந்ததும் ஹப் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால் இருக்கையின் பின்பக்கமும் சற்றுத் தாழும். பிரேக்கை ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, கட்டிலுக்கு மாறியபின் ஒருமுறை பிடிக்கிறதா என்று பாருங்கள். நாற்காலி பிரேக் டயரை அழுத்தித்தான் நிற்கிறது. மாறும்போது அது நழுவினால் ஆள் தரையில்தான்.

உங்கள் நாற்காலியில் இவை பொருந்துமா என்பதே பெரிய கேள்வி. நம் ஊர் மருத்துவமனை ரக மடக்கு நாற்காலிகளில் பின்சக்கரம் நட்டு போல்ட்டில் முறுக்கியிருக்கும். நடுவில் பட்டனை அழுத்தினால் கழன்று வரும் அச்சு, அதாவது குயிக் ரிலீஸ் ஆக்சில் இருந்தால்தான் பேச்சே. அந்த ஆக்சிலின் கனம் 12.7 மில்லிமீட்டரா 12 மில்லிமீட்டரா என்று வெர்னியரில் அளந்து கேளுங்கள். ஹப்பின் அகலம் மாறினால் ஆக்சில் நீளமும் மாறும். மொத்த அகலம் கூடுமா என்றும் கேட்டு, பாத்ரூம் கதவை அளந்துவிடுங்கள். டயரில் 24 அங்குலம் என்றால் நாற்காலிக்கு 540 என்ற எண் இருக்கும். சைக்கிள் கடையில் 24 என்று மட்டும் கேட்டால் 507 கொடுத்துவிடுவார்கள், ஏறாது.

நான் கடைசியில் அந்தச் சக்கரத்தை வாங்கவில்லை. சக்கரத்தின் எடை தடுத்தது. ஆட்டோவில் ஏறும்போது சக்கரத்தைக் கழற்றித் தூக்குவது என் அம்மா, அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதற்குப் பதில் ஒரு அங்குல டயரை எடுத்துவிட்டு 1 3/8 அங்குல காற்று டயர் போட்டு, பிரேக்கை நகர்த்தி மாட்டினேன். கேஸ்டரை ஆறு அங்குல விட்டமுள்ள, அகலமான மெத்து ரப்பருக்கு மாற்றினேன். ஏர் குஷனில் காற்றை மாதம் ஒருமுறை கை விட்டுச் சோதிக்கிறேன். அதிகமாக அடித்தால் அதுவே பந்துபோல் தூக்கிப் போடும். இதிலேயே எனக்கு முக்கால்வாசி குலுக்கல் போய்விட்டது.

கேஸ்டர்தான் காரணம் என்று உங்களுக்கும் தெரிந்தால், ஃபிராக் லெக்ஸ் போல ஸ்பிரிங் வைத்த கேஸ்டர் ஃபோர்க் இருக்கிறது. கால் பலகையில் மாட்டிக் கேஸ்டரைத் தரையிலிருந்து தூக்கிவிடும் ஃப்ரீவீல் இருக்கிறது, மடங்காத கெட்டிக் கால் பலகை உள்ள நாற்காலிக்கு அது நன்றாகப் பிடிக்கும். தம்பி தினமும் கிலோமீட்டர் கணக்கில் போகிறவர் என்றால் சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷனின் நியோஃபிளை நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டும் நியோபோல்ட் மோட்டாரையும் நேரில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் பெரிய முன்சக்கரம் கேஸ்டரைத் தூக்கிவிடும்.

இரண்டு சோதனையிலும் ஒரே மாதிரிதான் குலுங்குகிறது, டயரும் அகலமானதுதான், நடைபாதையிலிருந்து தானாக இறங்கி ஏறுகிறவர், சக்கரம் தூக்கிப் போட வீட்டில் வலுவான கை இருக்கிறது என்றால் தயங்காமல் சஸ்பென்ஷன் சக்கரம் வாங்குங்கள். சோதித்துவிட்டு, ஆக்சில் அளவும் தம்பியின் எடையும் கருத்தில் எழுதுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.