25 இலக்க எண்ணை வங்கிக்கு விற்க முடியுமா?

கேள்வி: 2-இன் 83-ஆம் அடுக்கில் 1-ஐக் கழித்தால் 25 இலக்க எண் வருகிறது. 83 பகா எண். விடையை 100 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லாமல் வகுபடவில்லை. அது பகா எண்தான் என்று கணினிச் சோதனையிலும் தேறிவிட்டதாக ஒரு தரகர் சொல்கிறார். பதிவுக் கட்டணம் கட்டினால் வங்கிகளுக்கு விற்றுத் தருவாராம். கட்டலாமா?

பதில்: கட்டவே கட்டாதீர்கள். உங்கள் எண் 167-ஆல் வகுபடும்.

அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்தான் என்று பலர் நம்புகிறார்கள். 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 போனால் 2047. அது 23 × 89. இந்த வகை எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அடுக்கின் இரு மடங்கால் அதை வகுத்தால் மீதி 1 வரும். 83-க்கு 167-இலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும். 100 வரை நீங்கள் வகுத்ததற்கு எந்தப் பயனும் இல்லை. இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார் என்பதோடு பள்ளிப் பாடம் நின்றுவிடுகிறது. 25 இலக்க எண்ணுக்கு அந்த வர்க்கமூலம் மூன்று லட்சம் கோடியைத் தாண்டும்! அப்புறம் மாணவர் என்ன செய்வார் என்று பாடத்திட்டம் எழுதுபவர்கள் யோசிப்பதே இல்லை.

தரகர் சொன்ன சோதனை, அநேகமாக 2-ஐ அடியாக வைத்த ஃபெர்மா சோதனையாக இருக்கும். அடி என்ற ஓர் எண்ணை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்திச் சோதிக்கும் எண்ணால் வகுப்பார்கள்; மீதி 1 வந்தால் தேறியதாகக் கொள்வார்கள். பகா அடுக்குள்ள இந்த வகை எண்கள் எல்லாமே அதில் தேறும், 2047 உட்பட. அதனால் அது சோதனையே ஆகாது. சரி, அடியை மாற்றினால்? பெரும்பாலும் குட்டு வெளிப்படும். ஆனால் 561-ஐப் பாருங்கள். அது 3 × 11 × 17. இந்த மூன்றாலும் வகுபடாத எந்த அடியை எடுத்தாலும், 2 ஆகட்டும், 5 ஆகட்டும், 7 ஆகட்டும், 561 பகா எண் போலவே தேறிவிடும். இப்படிப்பட்ட எண்களுக்கு முடிவே இல்லை என்று 1994-இல் நிரூபித்தே விட்டார்கள். ஆகவே, 'சாஃப்ட்வேர் சொல்லிவிட்டது' என்று யார் வந்தாலும் எந்தச் சோதனை, எந்த அடி என்று கேளுங்கள்.

வங்கிக் கதையும் பொய். சங்கேதப் பாதுகாப்புக்கு 300 இலக்க அளவில் பகா எண்கள் வேண்டும்; அவற்றைக் கணினி தானே நொடியில் உருவாக்கிக்கொள்ளும். அவை ரகசியமாகவும் இருக்க வேண்டும். தரகர் கை பட்ட எண்ணை எவரும் வாங்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த 4,10,24,320 இலக்கப் பகா எண்ணையே யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஏற்றது லூகாஸ்–லெமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்து அதையே மறுபடி செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 போன 31-க்கு 4, 14, 8, 0 என மூன்றே படி. கையில் பழகிவிட்டு, 83-க்குப் பதில் 89-ஐ அடுக்காக வைத்துக் கணினியில் ஓட்டுங்கள். 87-ஆவது படியில் பூச்சியம் வரும்.