கண்ணீர் யாருடையது?

கேள்வி: சுயாதீனப் படங்கள் என்றால் எனக்கு உயிர். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தை டெலிகிராமில் எடுத்துப் போனில் பார்த்துவிட்டு இரவு முழுக்க நித்திரை இல்லை. நண்பர்கள் 'அழுமூஞ்சிப் படக்காரன்' என்று பகிடி பண்ணுகிறார்கள். இவ்வளவு துன்பம் பட்ட வன்னியிலிருந்து அப்படி ஒரு படம் ஏன் இன்னும் வரவில்லை? காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றி நானே ஒரு குறும்படம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஆலோசனை என்ன?
– வாசகர், விசுவமடு

பதில்: தம்பி, பகிடி பண்ணுகிறவர்களை விடும். ஒரே குத்தில் இருபது பேரை விழுத்தும் கதாநாயகனுக்கு விசிலடிக்கிறவர்கள் உமது கண்ணீரைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. எனக்குக் கணக்கு இருப்பது உம்மோடுதான்.

'இவ்வளவு துன்பம் பட்ட வன்னி' என்று எழுதியிருக்கிறீர். துன்பம் கூடினால் நல்ல படம் வரும் என்று யார் உமக்குச் சொன்னது? அப்படியென்றால் 2009 மே மாதம் சண்டை முடிந்த பிறகு உலகத்தின் திறமான படங்கள் எல்லாம் முல்லைத்தீவிலிருந்தல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தவை எப்படி இருக்கின்றன? மே மாதம் பிறந்தால் எனக்கு வரிசையாகக் குறும்படங்கள் வரும். ஒரு தறப்பாள் கொட்டில், இல்லாவிட்டால் இடிந்த சுவர். அதன் முன்னால் ஒரு தாய். அவ நிமிர்ந்து பார்க்க முதலே வயலின் தொடங்கிவிடும். கடைசியில் கறுப்புத் திரையில் நாலு வரிக் கவிதை. பார்க்கிறவர்கள் அழுகிறார்கள், உண்மைதான். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீர், பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்த கண்ணீர். கடைசிச் சண்டையில் மாத்தளனில் பங்கருக்குள் கிடந்த மனிசிக்குத் தறப்பாளைக் காட்டினால் போதும், மிச்சப் படத்தை அவவே ஓட்டிப் பார்த்துவிடுவா. இயக்குநர் ஒன்றும் செய்யத் தேவையில்லை. செய்யவும் இல்லை.

சந்தேகமென்றால் சோதித்துப் பாரும். 2009இல் பிறந்த பிள்ளை இப்போது ஓ.எல். பரீட்சை எடுக்கிற வயதுக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையையும் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி இந்தப் படங்களில் ஒன்றைப் போடும். தாய் அழுதுகொண்டிருக்கும்போது பிள்ளை போனை நோண்டத் தொடங்கினால், பிள்ளையில் பிழை சொல்லாதேயும்.

நீர் நித்திரை கொள்ளாத படத்தையே எடுப்போம். கணவனால் துரத்தப்பட்ட தன் சகோதரி கைப்பிள்ளையோடு பதின்மூன்று கிலோமீற்றர் நடந்தே தாய்வீடு வந்த சம்பவத்திலிருந்துதான் வினோத்ராஜ் அந்தக் கதைக்குப் போனார். வேறொருவர் என்றால் அந்தப் பெண்ணை வெயிலில் நடக்கவிட்டு எங்களை அழவிட்டிருப்பார். இவர் புருஷனைப் பிடித்து நடக்கவிட்டார். குடிகாரத் தகப்பனும் பள்ளிக்கூடப் பெடியனும் வெயிலில் நடக்கிறார்கள், கதை அவ்வளவுதான். தாகத்துக்குப் பெடியன் ஒரு கூழாங்கல்லை வாய்க்குள் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கும் இடத்தில் முன்பே ஒரு குவியல் கல் கிடக்கிறது. இந்த நடை எத்தனையாவது நடை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. 2021இல் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்கு டைகர் விருது கொடுத்தவர்களுக்கு மதுரைப் பக்கத்து வெயிலில் நடந்த ஞாபகம் ஏதும் இருந்திருக்காது. படம் காட்டியது மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

(அந்தக் கல்லுக் குவியல் உமது போன் திரையில் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். அதிருக்க, சின்னப் படம் எடுக்கிறவர்களில் உயிரையே வைத்திருக்கும் நீர், அவர்களின் படத்தைக் காசு கொடுக்காமல் எடுத்ததைப் பத்திரிகைக்கே எழுதி அனுப்புகிறீர். துணிச்சல்தான்.)

1990இல் ஈரானின் வடக்கே நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் செத்துப்போனார்கள். தன் முந்திய படத்தில் நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடி ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி அந்த இடத்துக்குப் போனார். அந்தத் தேடலை வைத்து 1992இல் ஒரு படம் எடுத்தார். அதில் கூடாரங்களுக்கு நடுவே ஒருவர் டீவிக்கு அன்டெனா கட்டிக்கொண்டு நிற்கிறார். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கிற நேரம். இந்த நிலைமையிலும் மட்ச் பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். தானும் சொந்தங்களைப் பறிகொடுத்தவன்தான், ஆனால் உலகக் கிண்ணம் நாலு வருஷத்துக்கு ஒருக்கால்தானே வருகிறது என்கிறார் மனிசன்.

அந்த மனிசன் எங்களுக்குத் தெரியாத ஆளா? சண்டையில் தப்பிய சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த யாரையாவது கேட்டுப் பாரும். முள்ளுக்கம்பிக்குள்ளும் காதல் இருந்தது, சண்டை இருந்தது, தண்ணி வரிசையில் வாளியை முன்னுக்குத் தள்ளி வைத்துப் பிடிபட்டவர்கள் வாங்கிய ஏச்சு இருந்தது. எங்கள் குறும்படங்களில் அந்த ஆட்கள் ஒருவரும் இல்லை. திரையில் ஏறியதும் எங்கட சனம் பகிடி தெரியாத, பொய் சொல்லத் தெரியாத, ஒருவரோடும் கோவிக்காத சனமாகிவிடுகிறது. அப்படியொரு சனத்தை நான் வன்னியில் கண்டதில்லை.

இனி உமது தாய்க்கு வருவோம். அதற்கு முதல் நீர் பார்க்க வேண்டியது ஒரு சிங்களப் படம். அதுவும் படைவீரன் ஒருவனின் தகப்பனைப் பற்றிய படம். கோவிக்கிறவர்கள் கோவிக்கட்டும். பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த 'புரஹந்த களுவர'. கண் தெரியாத ஒரு கிழவர். ஜோ அபேவிக்ரம நடித்திருக்கிறார். மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி ஒன்று வருகிறது. ஊரே நம்பிப் புதைத்துவிடுகிறது. கிழவர் நம்பவில்லை. நட்டஈட்டுக் கடுதாசியில் கையெழுத்து வைத்தால் காசு வரும், வீட்டில் காசுக்குத் தேவையும் இருக்கிறது. அவர் வைக்க மாட்டேன் என்கிறார். கடைசியில் குழியைக் கிண்டிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். 2000இல் அதைத் திரையிட விடாமல் தடுத்தார்கள்; வழக்காடித்தான் 2001இல் வெளியே வந்தது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டத்தில் குந்தினார்களே, அந்தப் பந்தலைத் தாண்டி நீரும் பஸ்ஸில் போயிருப்பீர். நட்டஈடும் வேண்டாம், மரணச் சான்றிதழும் வேண்டாம் என்ற அந்தத் தாய்மாரைக் கண்ட ஒருவருக்கு இந்தக் கிழவரை மட்டுக்கட்ட அரை நிமிஷம் காணும். கிழவர் எங்களிடம் கண்ணீர் கேட்பதில்லை. பிடிவாதம் பிடிக்கிறார், மற்றவர்களுக்கு எரிச்சல் வருமளவுக்குப் பிடிக்கிறார். அந்த எரிச்சல் எங்களுக்கும் வந்த பிறகுதான் அவர் பக்கம் நியாயம் இருப்பது உறைக்கிறது. எங்கள் படங்களில் தாயோடு எரிச்சல்படுகிற மருமகளையோ, 'இன்னும் எத்தனை நாளைக்கம்மா?' என்று கேட்கிற இளைய மகளையோ யாராவது காட்டியிருக்கிறார்களா?

உமது கதையில் தாய் மகனின் படத்தைக் கட்டிப்பிடித்து அழுகிற காட்சி இருக்கும். இல்லையென்று மட்டும் சொல்லாதேயும். அதை வெட்டும். அந்த அம்மா காலமை எழும்பி முதல் செய்யும் வேலை என்ன, யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறா, கிழமைக் காசு சேர்க்க வரும் நுண்கடன் பெடியனுக்கு எந்த மூலையில் ஒளிக்கிறா என்று முதலில் அறிந்துகொள்ளும். அந்தப் பெடியனுக்கும் மகன் காணாமல் போனபோது இருந்த வயதுதான் என்று வைத்துப் பாரும். ஒளித்து நின்ற அம்மா ஒருநாள் வெளியே வந்து அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறா. காசு மட்டும் கொடுக்கவில்லை. அங்கே ஒருவரும் அழவே தேவையில்லை.

வயலினுக்கென்று வைத்திருக்கும் காசை ஒலிப்பதிவுக்குக் கொடும். வன்னிக் குறும்படங்களில் படம் இப்போது பரவாயில்லை; கொல்லுவது சத்தம். சோளகக் காத்து மைக்குக்குள் புகுந்து ஊதும், அதற்குப் பயந்து வசனத்தைப் பிறகு அறைக்குள் பேசி ஒட்டுவீர்கள். அம்மா வயல்வரம்பில் நிற்பா, குரல் மட்டும் குளியலறைக்குள்ளிருந்து வரும். உமக்குப் பிடித்த வினோத்ராஜ் அடுத்து எடுத்த 'கொட்டுக்காளி'யில் (2024) பின்னணி இசையே இல்லை. சட்டையில் குத்தும் மைக் ஒன்றும் காத்துக்குப் போடும் உறையும் வாடகைக்கு எடும். எடுத்து முடித்ததும் யூடியூப்பில் ஏற்ற அவசரப்படாமல், ஊர் வாசிகசாலையில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டிப் போட்டுக் காட்டும். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் அனுப்பிப் பாரும். அவர்கள் தெரிவுசெய்யாவிட்டாலும் ஏ9 வீதியில் பஸ் ஏறிப் போய் எடுபட்ட படங்களைப் பெரிய திரையில் பாரும்.

எழுதி வைத்திருப்பதை எனக்கு அனுப்பும். பத்துப் பக்கத்துக்கு மேலே போனால் வாசிக்க மாட்டேன்.