கல்லீரலின் நச்சு நீக்கும் ஏற்பிகளைத் தூண்டினால் புற்றுநோய் வராதா?

‘ஈரல் சுத்தி’ என்று விற்கப்படும் கஷாயப் பொடியைத் தினமும் குடித்தால் கல்லீரலில் உள்ள நச்சு நீக்கும் ஏற்பிகள் தூண்டப்பட்டு, புற்றுநோய் அண்டாது என்று ஒரு விளம்பரத்தில் படித்ததாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் மருந்துக் கடை நடத்துகிறேன். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எங்கள் ஊராரும் இதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். ஏற்பிகள் தூண்டப்படும் என்பது நடக்கக்கூடியதுதான். அதனால் உடலுக்கு நல்லது என்று முடிவு கட்டுவதில்தான் பிழை இருக்கிறது.

விளம்பரம் குறிப்பிடுவது உட்கரு ஏற்பிகளை. இவற்றை ‘அணுக்கரு ஏற்பி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு; அணு உலை நினைவுக்கு வந்துவிடுவதால் அந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன். செல்லுக்குள் இருக்கும் புரதங்களான இவை மனித உடலில் 48 வகை. தமக்குரிய பொருள் வந்து ஒட்டியதும் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, அங்குள்ள மரபணுக்களை வேலை செய்யவைப்பவை. ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் ஏற்பிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கல்லீரலில் அந்நியப் பொருள்களைக் கண்காணிப்பவை முக்கியமாக பி.எக்ஸ்.ஆர்., சி.ஏ.ஆர். என்ற இரண்டு. ஹார்மோன் ஏற்பிகள் தமக்குரியதைத் தவிர மற்றதை எளிதில் ஏற்பதில்லை; பி.எக்ஸ்.ஆரின் உட்குழிவோ பெரியது, மருந்து, மூலிகைச் சத்து, பித்த அமிலம் என்று பலவற்றுக்கும் அது இடம் கொடுக்கும். அப்படி ஏதேனும் வந்து அமர்ந்துவிட்டால், நாம் உண்ணும் மருந்துகளில் ஏறத்தாழப் பாதியைச் சிதைக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி மிகுதியாக உருவாகத் தொடங்குகிறது.

இதன் விளைவைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். இதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்த பெரியவர் ஒருவருக்குக் காசநோய் வந்து, ரிஃபாம்பிசின் தொடங்கினார்கள். ரிஃபாம்பிசின் பி.எக்ஸ்.ஆரை மிக வலுவாகத் தூண்டும் மருந்து. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிக்கொண்டே போனது, “மாத்திரை டூப்ளிகேட்டா அண்ணா?” என்று அவருடைய மகன் என்னிடம் வந்து கேட்டார். மாத்திரையில் குறை இல்லை, கல்லீரல்தான் அதை முன்னைவிட வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் வார்ஃபரின் அளவைக் கூட்டினார், காசநோய்ச் சிகிச்சை முடிந்தபின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ரிஃபாம்பிசின் கொடுக்கும்போது வேறு முறையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த நொதிகள் சில பொருள்களைச் சிதைக்கும்போது, இடையில் மூலப் பொருளைவிடக் கொடிய ஒன்று உருவாகிவிடுகிறது. எங்கள் பக்கத்து மல்லாட்டையையே, அதாவது நிலக்கடலையையே, எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தில் கிடந்த கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. அது உள்ளே போன வடிவத்திலேயே டி.என்.ஏ.வைத் தாக்குவதில்லை, சி.ஒய்.பி.1ஏ2, 3ஏ4 ஆகிய நொதிகள் அதை எளிதில் வினைபுரியும் எபாக்சைடு என்ற வடிவமாக மாற்றிய பிறகுதான் டி.என்.ஏ.வோடு பிணைந்து, பி53 என்ற காவல் மரபணுவைக் கெடுக்கிறது. கல்லீரலில் உள்ள குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அதைப் பிடித்து அப்புறப்படுத்தினால் தப்பிக்கலாம். பாராசிட்டமால் கதையும் ஏறத்தாழ இதுதான்: சி.ஏ.ஆர். ஏற்பியை நீக்கிய எலிகள், இயல்பான எலிகளின் கல்லீரலைச் சிதைத்த பாராசிட்டமால் அளவைத் தாங்கிக்கொண்டன என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. நச்சு நீக்கும் காவலாளி இல்லாததே அங்கே காப்பாற்றியது. எனவே ‘தூண்டுவது’ எல்லாம் ‘சுத்தப்படுத்துவது’ ஆகிவிடாது.

புற்றுநோயைப் பொறுத்தவரை ஒவ்வோர் ஏற்பிக்கும் ஒவ்வொரு கதை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் சி.ஏ.ஆரைத் தூண்டி எலிகளுக்குக் கல்லீரல் கட்டிகளை வளர்க்கிறது. பல ஆண்டுகள் அதே மருந்தைச் சாப்பிட்ட மனிதர்களிடம் அப்படி ஒரு தெளிவான ஆபத்து வெளிப்படவில்லை. ஆகவே எலி ஆய்வை வைத்துப் பயமுறுத்துவதையும் ஆறுதல் சொல்வதையும் நான் ஒரே சந்தேகத்தோடு பார்க்கிறேன். பித்த அமிலங்களை அளவோடு வைத்திருக்கும் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற உட்கரு ஏற்பி நேர்மாறானது: அது இல்லாத எலிகளுக்கு வயதாகும்போது தானாகவே கல்லீரல் கட்டிகள் வருவதை 2007இல் கண்டார்கள். புற்றுநோய் வந்துவிட்ட நிலையிலும் இந்தக் காவலாளிகள் வேலையை நிறுத்துவதில்லை. கல்லீரல் புற்றுநோய்க்குத் தரும் சோராஃபெனிப்புடன் ரிஃபாம்பிசினைச் சேர்த்தால், உடலில் சோராஃபெனிப் தங்கும் அளவு சராசரியாக 37 சதவீதம் குறைகிறது. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடியை, உயிர்காக்கும் மருந்து சாப்பிடுகிற ஒருவருக்கு நான் எப்படி எடுத்துக் கொடுப்பது?

கல்லீரலைக் காப்பாற்ற விரும்புகிறவர்களிடம் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியையும், மதுவை விடுவதையும், சர்க்கரையையும் உடல் எடையையும் கட்டுக்குள் வைப்பதையும் பற்றித்தான் பேசுகிறேன். பி வைரஸ் உள்ளவர் அஃப்ளடாக்சினும் உண்டால் ஆபத்து பல மடங்காகிறது. அதனால் கடலைக்காரர்களிடம் கூடுதலாக ஒன்று சொல்வேன்: பொறுக்கி ஒதுக்கிய சொத்தைக் கடலையைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். நச்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற பசுவின் ஈரலும் தன் பங்குக்கு அதை அஃப்ளடாக்சின் எம்1 ஆக மாற்றிப் பாலில் விட்டுவிடும்.